தான்றி மரத்தடிக் கணக்கு

மாத்தளையில் நான் நளவெண்பா கற்பித்த வகுப்பொன்றில், தோட்டத்து மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், நளன் நாட்டை மீட்டமாதிரி அப்பாவும் கடதாசியில தோத்த சம்பளத்தை மீட்பாரா?"

நேயர்களே, நளன் அதிர்ஷ்டத்தை நம்பி மறுபடி ஆடவில்லை. புட்கரனிடம் நாட்டைத் தோற்றவன், தான்றி மரத்தடியில் தேரோட்டும் கலையைக் கொடுத்து, இருதுபன்னனிடம் எண்ணும் கலையைப் பெற்றான். பார்த்த அளவில் மரத்தின் காய்களைக் கணக்கிட்டுச் சொன்னவன் அம்மன்னன். மகாபாரதத்திலும் வரும் இக்காட்சியை, நிகழ்தகவின் தோற்றம் பற்றி 1975இல் நூல் எழுதிய இயன் ஹாக்கிங் எடுத்துக்காட்டினார். ஐரோப்பாவில் இக்கணக்குத் துலங்கியது, 1654இல் பஸ்காலும் பெர்மாவும் சூதாட்டம் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களில்தான்.

கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கட்டில் தாள்கள் 52, ஆஸ் 4. முதல் தாள் ஆஸாக வர 13இல் ஒரு வாய்ப்பு. அது வந்தபின், மீதி 51இல் ஆஸ் 3. அடுத்ததும் ஆஸாக வர 17இல் ஒன்று. இரண்டும் சேர்ந்து வர 221இல் ஒன்று. கலைத்த கட்டுக்கு நேற்றைய தோல்வி தெரியாது. இன்றும் அதே 221தான்.

மாணவன் கொப்பியில் எழுதிக்கொண்டான். "அப்பாவுக்குக் காட்டுறேன், சேர்" என்றான்.

எண்ணத் தெரிந்தபின் நளன் ஆட அமர்ந்தான். எண்ணத் தெரிந்தால் எழுந்துவிடவும் முடியும்.