சைட்டிசின்

லேபர்னம் மரத்தின் விதையில் உள்ள ஆல்கலாய்டு; புகைப்பழக்கத்தை விட உதவும் மருந்து. மூளையில் நிக்கோட்டின் போய் ஒட்டும் ஏற்பிகளிலேயே இதுவும் ஒட்டிக்கொண்டு அவற்றை ஓரளவு மட்டும் தூண்டுகிறது. அதனால் ஏக்கம் தணியும். இடையில் ஒரு சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் கிடைக்காது.

1964 முதல் பல்கேரியாவில் ‘டாபெக்ஸ்’ என்ற பெயரில் 1.5 மில்லிகிராம் மாத்திரையாக விற்பனையாகிறது. முதல் மூன்று நாள் தினமும் ஆறு மாத்திரை, பிறகு படிப்படியாகக் குறைத்து 25 நாளில் முடிப்பது வழக்கமான முறை. ஐந்தாம் நாளுக்குள் சிகரெட்டை அறவே விட்டுவிட வேண்டும். வார்சாவில் 740 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முழுக்கப் புகைக்காமல் இருந்தவர்கள் சைட்டிசின் உண்டவர்களில் 8.4 சதவீதம், வெற்று மாத்திரை உண்டவர்களில் 2.4 சதவீதம். சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் விட முயன்று தோற்றவர்களுக்கு இந்த மும்மடங்கின் அருமை தெரியும். புகையை விடத் தரப்படும் வாரெனிக்லின் மருந்து உருவானதும் சைட்டிசினின் மூலக்கூறைப் பின்பற்றித்தான்.

லேபர்னம் கொத்துக்கொத்தாக மஞ்சள் பூ தொங்கவிடும். அச்சாயலால்தான் நம் சரக்கொன்றைக்கு ஆங்கிலத்தில் ‘இந்தியன் லேபர்னம்’ என்று பெயர். கொன்றை வேறு மரம். அதில் சைட்டிசின் இல்லை. லேபர்னத்தின் எல்லாப் பாகமும் நஞ்சு. பட்டாணிபோன்ற காயைத் தின்று குழந்தைகள் வாந்தியெடுத்து மயங்கியதுண்டு. சைட்டிசினை அளவிட்ட மாத்திரையாக, மருத்துவர் சொற்படி மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

புகையை விட உதவும் என்று துணையுணவுகளில் சேர்க்கப்படும் லொபீலியா மூலிகைக்கு இத்தகைய ஆய்வுச் சான்று கிடையாது.