இராயப்பர் கோவிலும் நம் முன்னோர் மனுக்களும்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே நிற்கும் இராயப்பர் கோவிலை அறியாதார் வடசென்னையில் இலர். இராயபுரம் என்னும் பெயரே அதனால் வந்தது என்பர். இயேசுநாதரின் சீடரும் மீனவருமாகிய பேதுருவைப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்றே வழங்கினர். கடலில் பிழைத்தவர்கள் அவரைக் காவலராகக் கொண்டதில் வியப்பில்லை.

அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்குகளையும் மசூலாப் படகுகளே கரை சேர்த்தன. ஆணி அறைந்த படகு அவ்வலையில் பிளந்துபோகும்; ஆகவே பலகைகளைத் தென்னங் கயிற்றால் தைத்தனர். அலை மோதுங்கால் படகு நெகிழ்ந்து கொடுக்கும். கும்பினியாரின் வாணிகம் இப்படகோட்டிகளின் கைவலியை நம்பியே நடந்தது. அவர்களுள் கத்தோலிக்கராயிருந்தோர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தம் கூலியிலிருந்து சேர்த்த பொதுப்பணத்தைக் கொண்டு இக்கோவிலை எழுப்பினர். அது வள்ளல் எவரும் கட்டித் தந்த கோவில் அன்று.

கட்டியவர்கள் அவர்கள், ஆளும் உரிமை யாருக்கு? 1642 முதல் சென்னைக் கத்தோலிக்கர் கப்புச்சின் சபைக் குருமாரின் பொறுப்பில் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படகோட்டிகளும், ஆவணங்களில் பறையர் எனக் குறிக்கப்பட்ட நம் இனத்துக் கத்தோலிக்கரும் அக்குருமாரோடு மாறுபட்டுக் கும்பினி அரசுக்கே மனுக்கள் விடுத்தனர். இதனை வெறும் கோவிற்பூசல் என்று தள்ளுவாரும் உண்டு. யான் அவ்வாறு கருதவில்லை. சேரி மக்கள் வாய்திறவாது அடங்கிக் கிடந்தனர் என்று எழுதியவர்களுக்கு இம்மனுக்களே மறுப்பாகும்.

1856இல் இராயபுரத்தில் புகைவண்டி நிலையம் திறக்கப்பட்டது. 1875இல் துறைமுக வேலை தொடங்கியது. 1881 நவம்பர்ப் புயல் அதனைச் சிதைத்தும் வேலை நிற்கவில்லை. படகுத் தொழில் மெல்லச் சுருங்கியது. சிற்றூர்களை விட்டு வந்த நம்மவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர்; நிலக்கரி கொட்டினர்; பின்னர் ஆலைகளிலும் சேர்ந்தனர். கோவிலைச் சுற்றி நகரம் பெருகியது. திருமுழுக்குப் பெற்றவரை மட்டும் சாதி விட்டுவிடவில்லை.

ஆனால் சட்டம் வேறுவிதமாகக் கூறிற்று. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதியார் என்னும் தகுதியை இந்துக்களுக்கு வரையறுத்தது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். சென்னை நடைபாதையில் செருப்புத் தைத்த கிறித்தவத் தொழிலாளி ஒருவர், இந்துத் தொழிலாளருக்கு அரசு இலவசமாக அளித்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் அதே இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985இல் அவர் மனு தள்ளப்பட்டது. ஆயர் பேரவையோ, திருச்சபைக்குள்ளேயே சாதி வேற்றுமை உண்டென ஒப்பி, 1982இல் அதனைக் கண்டித்திருந்தது!

சான்று கேட்போர்க்குச் சான்று காட்டுதல் படித்தவர் கடன். கும்பினிக் காலத்துச் சென்னை அரசின் ஏடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றைப் படிக்க வல்ல இளைஞர் நம் சங்கத்தில் இன்று உளர்.