துறைமுகத் தொழிலாளியின் இடக்கை

குத்துச்சண்டை வீரர் ஒருவரின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அவர் வென்ற போட்டிகளை வரிசைப்படுத்தி, பெற்ற பட்டங்களை எடுத்தோதி அமைவர். அவ்வீரர் போட்டிக்கும் போட்டிக்கும் இடையில் எவ்வாறு உண்டார், யாரிடம் கூலி பெற்றார், வீட்டு வாடகையை எதனாற் செலுத்தினார் என்பன அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. 1935 ஆம் ஆண்டு முதல் 1937 ஆம் ஆண்டுவரை பாரம் மிக்கோர் பிரிவில் உலக வீரராக விளங்கிய ஜேம்ஸ் பிரடொக் என்பாரின் கதையை அவ்வாறு சொல்ல முயன்றால் அது பாதிக் கதையாகவே முடியும். அவர் பட்டத்தை வென்றது எப்படி என்ற வினாவுக்கு விடை, குத்துச்சண்டைக் கோதாவில் இல்லை. ஹட்சன் ஆற்றின் கரையிலிருந்த கப்பற்றுறைகளில் இருக்கின்றது.

பிரடொக் 1905 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் மேற்குப் பகுதியில், ஏழைத் தொழிலாளர் செறிந்து வாழ்ந்த ஒரு வட்டாரத்திற் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்து வழிவந்தவர்கள், இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள். பிள்ளை சிறு வயதினனாய் இருந்தபோதே குடும்பம் ஆற்றைக் கடந்து நியூ ஜேர்சி மாநிலத்துக்குச் சென்றது. 1926 இல் பிரடொக் பணத்துக்குச் சண்டையிடுந் தொழிலில் இறங்கினார். நெடிய உடல், நிதானமான நடை, வலக்கையில் இடிபோன்ற ஒரு குத்து. இவையே அவருடைய முதல். 1928 நவம்பரில் மடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கில், பலரும் அஞ்சிய ரஃபி கிறிபித்ஸ் என்பவரை இரண்டாஞ் சுற்றிலேயே வீழ்த்தியபோது அவருடைய பெயர் நாடறிந்த பெயராயிற்று.

1929 ஜூலை 18 ஆம் நாள் அவருக்கு உலகப் பட்டப் போட்டியே கிடைத்தது. எதிராளி ரொமி லொக்றன். குறைபாரப் பிரிவின் அன்றைய உலக வீரர். அடிப்பதிலும் அடிபடாதிருப்பதில் வல்லவர். பதினைந்து சுற்றுக்களும் பிரடொக்கின் வலக்கை அவரைத் தேடிக்கொண்டேயிருந்தது. லொக்றன் அது வருமிடத்தில் நிற்கவேயில்லை. புள்ளிகளால் லொக்றன் வென்றார். ஒரு கையை மட்டும் நம்பும் வீரரை எதிர்ப்பவர் அந்த ஒரு கையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்ற உண்மை அன்றிரவு எல்லோருக்கும் விளங்கிற்று.

மூன்று மாதங்கள் சென்றன. ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்த பெருமந்த காலத்தின் கொடுமை 1933 இல் உச்சத்தை அடைந்தபோது, அமெரிக்கத் தொழிலாளருள் நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தனர். பிரடொக்கின் சேமிப்பும் கரைந்தது. 1930 இல் மணமுடித்த அவருக்கு இரண்டு ஆண்மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். செலவு ஏறிற்று, போட்டிப் பணமோ இறங்கிற்று. போதாக்குறைக்கு வலக்கை எலும்புகள் மீண்டும் மீண்டும் முறிந்தன. முறிந்த எலும்பு பொருந்துவதற்கு வேண்டிய காலத்தை வறுமை கொடுப்பதில்லை. கை ஆறுமுன் அடுத்த போட்டி, அதில் மீண்டும் முறிவு, அதனால் தோல்வி, தோல்வியால் அடுத்த போட்டிக்குக் குறைந்த பணம். லொக்றனோடு பொருதிய பின்னர் நான்கு ஆண்டுகளில் அவர் வென்ற போட்டிகளிலும் தோற்ற போட்டிகளே மிகுதி.

இங்கே தொழின்முறைக் குத்துச்சண்டையின் கணக்கைச் சற்று நோக்குதல் தகும். வீரர் ஒருவருக்கு மாதச் சம்பளம் இல்லை. சண்டையிட்டாற் பணம், இல்லையேல் இல்லை. அப்பணத்திலும் மூன்றிலொரு பங்கு முகவருக்குரியது. பயிற்சிச் செலவு வேறு. காயப்பட்ட நாட்களுக்கு எவரும் கூலி தருவதில்லை. 1933 செப்ரெம்பரில் ஏப் பெல்ட்மன் என்பவருடன் நிகழ்ந்த போட்டியில் பிரடொக்கின் கை மறுபடியும் முறிந்தது. சண்டை பார்க்கத் தகாததாய் மாறவே அது நிறுத்தப்பட்டு, முடிவற்ற போட்டியெனத் தள்ளப்பட்டது. தொழில் முடிந்துவிட்டதென்றே அவரும் பிறரும் எண்ணினர். அதன்பின் அவர் முழுக்க முழுக்கத் துறைமுகக் கூலியாளரானார்.

துறைமுகத்தின் கணக்கும் கோதாவின் கணக்கிலிருந்து வேறானதன்று. அந்நாளிற் கப்பற்றுறைத் தொழிலாளருக்கு நிரந்தர வேலை கிடையாது. காலையில் தொழிலாளர் அனைவரும் துறை வாயிலில் அரைவட்டமாக நிற்பர். ஆள்பிடிக்கும் மேற்பார்வையாளர் அவர்களைப் பார்வையிட்டு, தமக்கு வேண்டியவர்களைக் கைகாட்டி அழைப்பார். அழைக்கப்பட்டவர்க்கு அன்று வேலை. ஏனையோர் வீடு திரும்புவர். மேற்பார்வையாளரின் கையை நனைத்தவர்களே முதலில் அழைக்கப்பட்டனர் என்பது ஊரறிந்த இரகசியம். நியூயோர்க்கும் நியூ ஜேர்சியும் சேர்ந்து துறைமுக ஆணைக்குழு ஒன்றை 1953 இல் நிறுவிய பின்னரே இவ்வழக்கம் ஒழிந்தது. உலகப் பட்டத்துக்குப் பொருதிய ஒருவர், முறிந்த கையை மறைத்துக்கொண்டு அந்த அரைவட்டத்தில் நின்றார்.

கப்பலின் சுமைகளை இழுத்துத் தூக்குவதற்கு அத்தொழிலாளர் வளைந்த இரும்புக் கொக்கி ஒன்றைக் கையாள்வர். கொக்கியைச் சுமையில் மாட்டித் தோள், முதுகு, இடுப்பு யாவும் ஒருங்கே உழைக்க இழுக்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர் அதனை வலக்கையாற் பிடிப்பதே இயல்பு. பிரடொக்கால் அது இயலவில்லை. எனவே இடக்கையாற் பிடித்தார். நாளொன்றுக்குப் பல மணிநேரம், மாதக்கணக்காக அவ்வாறே இழுத்தார். எந்தப் பயிற்சியாளரும் விதிக்கத் துணியாத ஒரு பயிற்சி அது. இதுகாறும் எதிராளியைத் தொட்டுப் பார்ப்பதற்கு மட்டும் பயன்பட்ட இடக்கை, வறுமையின் கட்டாயத்தால் முதன்மைக் கையாக வளர்ந்தது. உழைப்பற்றிருந்த வலக்கையின் எலும்புகளோ அவ்விடைவெளியில் ஒழுங்காகப் பொருந்தின. சண்டையிட முடியாத காலமே அவருடைய சண்டைத்திறனைத் திருத்திற்று.

ஆயினும், துறையில் வேலை எல்லா நாட்களிலும் கிடைக்கவில்லை. இறுதியில் அவர் அரசாங்க நிவாரணப் பணத்துக்கு விண்ணப்பித்தார். 1933 மே மாதத்தில் ரூஸ்வெல்ற் அரசாங்கம் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றி, மாநிலங்களுக்குப் பணம் வழங்கத் தொடங்கியிருந்தது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் அப்பணத்திலேயே அடுப்பெரித்தன. கைகட்டி வாங்குதல் பிரடொக்குக்குப் பெரும் வேதனையாய் இருந்தது. ஆனால் பாற்காரருக்கும் மின்சாரக் கம்பெனிக்கும் வேதனையைக் காட்டிக் கடன் தீர்க்க முடியாதன்றோ?

1934 ஜூன் 14 ஆம் நாள், லோங் ஐலண்ட் சிற்றியிலிருந்த திறந்தவெளி அரங்கில் இத்தாலியரான பிறீமோ கர்னேராவுக்கும் அமெரிக்கரான மக்ஸ் பேயருக்கும் உலகப் பட்டப் போட்டி ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன்னோடியாக நிகழும் சிறு போட்டி ஒன்றில், கோண் கிறிபின் என்ற வளர்ந்துவரும் வீரருக்கு எதிராளி தேவைப்பட்டார். அடிபட்டு விழுவதற்கு ஒருவர் வேண்டும். பெயர் தெரிந்தவராயின் நன்று என்பதே ஏற்பாட்டாளரின் நோக்கம். பிரடொக்கின் முகவர் ஜோ கோல்ட் அந்த இடத்தைத் தம் நண்பருக்குப் பெற்றுக் கொடுத்தார். பயிற்சி செய்ய நாளில்லை. துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ நேரே கோதாவுக்கு வந்தவர் என்று சொன்னாலும் மிகையாகாது. இரண்டாஞ் சுற்றில் பிரடொக் விழுந்தார், எழுந்தார். மூன்றாஞ் சுற்றில் விழுந்தவர் கிறிபின். அன்றிரவு அதே கோதாவில், சற்று நேரத்தின் பின், மக்ஸ் பேயர் கர்னேராவைப் பலமுறை வீழ்த்தி உலக வீரரானார். பார்வையாளர் யாவரும் பேயரைப் பற்றிப் பேசிக்கொண்டு வீடு சென்றனர்.

அவ்வாண்டு நவம்பரில் பிரடொக் ஜோன் ஹென்றி லூயிஸ் என்பவரை வென்றார். இவர் இரண்டாண்டுகளுக்கு முன் பிரடொக்கைத் தோற்கடித்தவர். பின்னர் குறைபாரப் பிரிவின் உலக வீரராக வந்தவர். 1935 மார்ச்சில் ஆட் லாஸ்கியையும் பதினைந்து சுற்றுக்களிற் புள்ளிகளால் வென்றார். முன்னரே அவரைப் பார்த்திருந்தவர்கள் வியந்தது வலக்கையைப் பற்றியன்று. அதற்கு முன்னே வந்து விழும் இடக்கையைப் பற்றியே. ஒரு கையை மட்டும் காவல்செய்யும் பழைய உபாயம் இனிப் பலிக்கவில்லை.

போட்டிகளிற் பணம் வரத் தொடங்கியதும் பிரடொக் செய்த செயல் ஒன்று அமெரிக்கா எங்கும் பேசப்பட்டது. தாம் பெற்ற நிவாரணத் தொகையை அவர் அரசாங்கத்துக்குத் திருப்பிச் செலுத்தினார். பத்திரிகைகள் இதனை வானளாவப் புகழ்ந்தன. அவருடைய மானவுணர்ச்சி போற்றத்தக்கதே; அதில் ஐயமில்லை. ஆயின், அப்புகழ்ச்சியில் ஓர் அநீதியும் மறைந்து கிடந்தது. நிவாரணம் பெற்ற ஏனைய இலட்சக்கணக்கானோர் அதனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்கள் நேர்மையற்றவர்கள் என்பதனாலன்று, அவர்களுக்கு மடிசன் ஸ்குவயர் கார்டனிற் போட்டி கிடைக்கவில்லை என்பதனாலே. பிரடொக்கோடு அரைவட்டத்தில் நின்ற தோழர்கள் அவரை நேசித்தது அவர் கடன் தீர்த்ததற்காக மட்டுமன்று. தம்மைப்போல் நின்ற ஒருவன் அழைக்கப்பட்டுவிட்டான் என்பதற்காகவே.

1935 ஜூன் 13 ஆம் நாள் பேயருக்கும் பிரடொக்குக்கும் பட்டப் போட்டி நிகழ்ந்தது. கிறிபினை வீழ்த்திய அதே திறந்தவெளி அரங்கு. ஓராண்டு நிறைவதற்கு ஒரு நாள் குறைவு. பந்தயக்காரர் பத்துக்கு ஒன்று என்று பேயர் பக்கமே நின்றனர். பேயரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2005 ஆம் ஆண்டில் பிரடொக்கின் வாழ்வைக் காட்டிய திரைப்படம் ஒன்று பேயரைக் கொடியவராகச் சித்திரித்தது. உண்மை அதுவன்று. 1930 இல் அவரோடு பொருதிய பிராங்கி காம்பெல் என்பவர் காயங்களால் இறந்தார். அத்துயர் பேயரை நெடுநாள் வாட்டிற்று. நகைச்சுவையும் விளையாட்டுத்தனமும் மிக்க அம்மனிதர், பிரடொக்கை எதிர்த்தபோதும் அவ்விளையாட்டை விடவில்லை. கூட்டத்தைச் சிரிக்க வைத்தார்; குத்துப்பட்டவர்போற் பாசாங்கு செய்தார். பிரடொக்கோ சிரிக்கவில்லை. சுற்றுக்குச் சுற்று இடக்கையை நீட்டி நீட்டிப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே சென்றார். சிலிர்க்கவைக்கும் சண்டை அதுவன்று. கூலிக்காரர் ஒருவர் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பதுபோன்ற சண்டை. பதினைந்தாஞ் சுற்று முடிந்தபோது தீர்ப்பாளர் அனைவரும் பிரடொக்கே வென்றார் என்றனர்.

எழுத்தாளர் டேமன் றண்யன் அவரைச் சின்டரெல்லாவுக்கு ஒப்பிட்டு அழைத்தார், அப்பெயரே நிலைத்துவிட்டது. பொருத்தமான பெயரென்று சொல்ல முடியாது. சின்டரெல்லாவுக்குத் தேவதை ஒருத்தி வந்து துணைசெய்தாள். பிரடொக்குக்குத் துணைசெய்தது இரும்புக் கொக்கி.

பட்டம் பெற்ற பின் இரண்டாண்டுகள் அவர் அதனைப் பணயம் வைத்துப் பொருதவில்லை. 1936 இல் ஜேர்மானியரான மக்ஸ் ஷ்மெலிங், ஜோ லூயிசை வீழ்த்தி அடுத்த உரிமையாளராக நின்றார். அவரோடு ஒப்பந்தமும் எழுதப்பட்டது. ஆனால் கோல்ட் அவரை ஒதுக்கிவிட்டு லூயிசைத் தெரிந்தார். நாஜி அரசாங்கத்தின் கைக்குப் பட்டம் போய்விடும் என்ற அச்சம் ஒரு காரணம். லூயிசோடு பொருதினாற் கிடைக்கும் பெரும்பணம் மற்றொன்று. விளையாட்டு நீதியை மட்டும் பார்த்தால் ஷ்மெலிங் வஞ்சிக்கப்பட்டார் என்றே சொல்லவேண்டும். லூயிஸ் வென்றால், அடுத்த பத்தாண்டுகளுக்கு அவருடைய பட்டப் போட்டி இலாபத்திற் பத்திலொரு பங்கு பிரடொக் தரப்புக்கு என்று கோல்ட் உடன்படிக்கை செய்துகொண்டார். அரைவட்டத்தில் நின்ற ஒருவருக்கு, சண்டையிடாத நாளிலும் கூலி கிடைக்க வழிசெய்த ஒப்பந்தம் அது.

1937 ஜூன் 22 ஆம் நாள் சிக்காகோவில் அப்போட்டி நிகழ்ந்தது. முதற் சுற்றிலேயே பிரடொக் லூயிசை வீழ்த்தினார். அதற்குப் பின்னர் நிகழ்ந்தவை பார்க்கப் பொறாதவை. கோல்ட் சண்டையை நிறுத்த முனைந்தபோது, நிறுத்தினால் உம்மோடு இனிப் பேசேன் என்று பிரடொக் தடுத்தாராம். எட்டாஞ் சுற்றில் விழுந்தவர் எழவில்லை. ஜாக் ஜோன்சன் 1915 இல் பட்டத்தை இழந்த பின்னர் கறுப்பினத்தவர் எவருக்கும் மறுக்கப்பட்டிருந்த வாய்ப்பு, அன்று லூயிசுக்குக் கிட்டியது.

லூயிஸ் இளமையில் டிறோயிற் நகரின் மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்தவர். அவர் ஓகஸ்ற் 30 ஆம் நாள் முதன்முதலாகப் பட்டத்தைக் காத்து நின்றது வேல்ஸ் நாட்டு ரொமி ஃபார் என்பாரை எதிர்த்து. ஃபார் சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். பதினைந்து சுற்றுக்களும் நின்று புள்ளிகளாலேயே தோற்றார். அதே ஃபாரை 1938 ஜனவரி 21 ஆம் நாள் பிரடொக் பத்துச் சுற்றுக்களில் வென்றார். இவ்வாறு ஏழு மாதத்துள், மோட்டார்த் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் ஒருவரோடொருவர் பொருதி முடித்தனர். அவ்வெற்றியோடு பிரடொக் கோதாவை விட்டு இறங்கினார்.

இரண்டாம் உலகப் போரின்போது 1942 இல் கோல்ட்டும் அவரும் இராணுவத்திற் சேர்ந்தனர். போரின் பின் கப்பல்களுக்குரிய பொறி, கருவிகளை விற்கும் தொழிலில் ஈடுபட்டார். நியூயோர்க் துறைமுக வாயிலுக்குக் குறுக்கே வெறசானோப் பெரும்பாலம் அமைக்கப்பட்டபோது, ஐம்பதைக் கடந்த அம்மனிதர் அவ்வேலைத்தளத்தில் தொழிலாளராகச் சேர்ந்தார். 1964 நவம்பர் 21 ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. பிரடொக் அதன்பின் பத்தாண்டுகள் வாழ்ந்து, 1974 நவம்பர் 29 ஆம் நாள், நியூ ஜேர்சியில் ஹட்சன் கரையை அடுத்த தம் ஊரிலேயே காலமானார்.