வைக்கோலுக்குள் 100 பவுண்டு: ஒரு கூரியர் க்ளெய்மின் பழைய கதை

இன்னைக்கு எபிசோட் என் சொந்தக் கடுப்பிலிருந்து ஆரம்பிக்குது.

பெங்களூரிலிருந்து சென்னையில் இருக்கும் அக்காவுக்கு ஒரு மானிட்டரை கூரியரில் அனுப்பினேன். இன்ஷூரன்ஸுக்குத் தனியா காசும் கட்டினேன். பெட்டி போய்ச் சேர்ந்தப்போ ஒரு மூலை நசுங்கி, திரை விரிசல் விட்டிருந்தது. க்ளெய்ம் போட்டேன். பத்து நாள் கழிச்சு ஒரே வரியில் பதில்: பேக்கிங் சரியில்லை, க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. போன் பண்ணிக் கேட்டா, "எங்க தப்புன்னு நீங்கதான் சார் நிரூபிக்கணும்"னு சொல்றாங்க. நாலு நாள் பெட்டி அவங்க கையில இருந்துச்சு. அந்த நாலு நாள் என்ன நடந்ததுன்னு நான் எப்படி நிரூபிக்கிறது? சர்வரும் அவங்ககிட்ட, லாகும் அவங்ககிட்ட. பக் எங்கேன்னு மட்டும் நம்மகிட்ட கேட்கிறாங்க!

இந்தக் கேள்வி 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே கோர்ட்டுக்குப் போயிருக்கு.

1784 அக்டோபர். வெய்ஹில் என்ற ஊரில் ஒருவர் 12 மூட்டை ஹாப்ஸை, அதாவது பீருக்குக் கசப்பு சேர்க்கும் பூவை, ஒரு சரக்கு வண்டிக்காரரிடம் ஒப்படைக்கிறார். ஷாஃப்ட்ஸ்பரிக்குப் போக வேண்டிய சரக்கு. வழியில் அதை இறக்கி வைத்திருந்த கொட்டகைக்கு நூறு கஜம் தள்ளி இன்னொரு கொட்டகையில் தீப்பிடிக்கிறது. தீ பரவி ஹாப்ஸும் எரிந்துபோகிறது. வண்டிக்காரர் மேல் எந்தக் கவனக்குறைவும் இல்லை என்று ஜூரியே சொல்லிவிட்டது. ஆனாலும் 1785-ல் நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபு, வண்டிக்காரர் நஷ்டத்தைக் கொடுத்தே ஆகணும்னு தீர்ப்பளித்தார். இதுதான் 'ஃபார்வர்ட் எதிர் பிட்டார்ட்' வழக்கு.

ஏன் இவ்வளவு கறார்? வழியில் நடப்பதெல்லாம் வண்டிக்காரருக்குத்தான் தெரியும். அவர் திருடனோடு கூட்டு சேர்ந்தால்கூட சரக்குக்காரரால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இயற்கைப் பேரிடர், மன்னரின் எதிரிகள் தவிர வேறு எதற்கும் அவரே பொறுப்பு. அவர் கிட்டத்தட்ட ஒரு இன்ஷூரர் மாதிரி என்றது கோர்ட்.

அப்போ நாமதான் ஜெயிச்சோமா? அவசரப்படாதீங்க.

அதுக்கு முன்னாடி, 1769-ல், இதே மேன்ஸ்ஃபீல்ட் வண்டிக்காரர் பக்கமும் தீர்ப்பு சொல்லியிருக்கார். பர்மிங்ஹாமிலிருந்து லண்டனுக்கு ஒருத்தர் 100 பவுண்டு அனுப்புகிறார். எப்படி? பழைய ஆணிப் பைக்குள் வைக்கோலைத் திணித்து, அதுக்குள்ள ஒளிச்சு! பையும் வைக்கோலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன, பணத்தைக் காணோம். ஆனால் பணமோ நகையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லணும், இல்லாட்டி பொறுப்பில்லை என்று வண்டிக்காரர் உள்ளூர் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்திருந்தார். ரிஸ்க்குக்கு ஏற்ற கூலி கொடுக்காமல் மறைத்தவருக்கு நஷ்டஈடு கிடையாது என்று முடிந்தது வழக்கு.

இந்த ரெண்டு யோசனையும் சேர்ந்துதான் இந்தியாவுக்கு வந்தது. 1865 கேரியர்ஸ் சட்டப்படி கண்ணாடி, கடிகாரம், பட்டு மாதிரி பட்டியலிட்ட பொருள்கள் 100 ரூபாய்க்கு மேல் போனால் மதிப்பைச் சொல்லியாகணும். அதே சட்டத்தின் 9-வது பிரிவு, கவனக்குறைவை வழக்குப் போடுறவர் நிரூபிக்கத் தேவையில்லை என்றது. அதற்குப் பதிலாக வந்த 2007 சாலைவழி சரக்குச் சட்டத்திலும் இந்த விதி தொடருது. புக் பண்ணின நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துப்பூர்வமா நோட்டீஸ் கொடுக்கணும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பேக் பண்ணும்போது எடுத்த போட்டோக்களையும் இணைத்தேன். "பெட்டியை வாங்கும்போது ஒரு ஆட்சேபமும் சொல்லலை. இப்போ பேக்கிங்தான் காரணம்னா, அதை நிரூபிக்க வேண்டியது நீங்க." மூணு வாரத்தில் க்ளெய்ம் பாஸாச்சு.

பணமும் வந்தது. ஆனா 6,000 ரூபாய்தான். மானிட்டர் விலை 14,000. இன்ஷூரன்ஸ் கட்டணத்தைக் குறைக்க, ரசீதில் மதிப்பை நானேதான் குறைச்சு எழுதியிருந்தேன்.

அக்கா கேட்டுட்டு ஒரே வார்த்தைதான் சொன்னா: "வைக்கோல்."