நகரின் நலம் காத்த பதிவேடுகள்: ஒரு வரலாற்றுப் பார்வை



மழைக்காலம் தொடங்கிவிட்டால் மாநகராட்சிச் சுகாதாரத் துறையின் களப்பணியாளர்கள் கையில் ஒரு பதிவேட்டுடன் நம் வாசலில் வந்து நிற்பதைக் காண்கிறோம். வீட்டில் எத்தனை பேர், யாருக்கேனும் காய்ச்சல் உண்டா, தண்ணீர்த் தொட்டி மூடப்பட்டுள்ளதா என்று அவர்கள் வினவுகின்றனர். நம்மில் சிலர் பாதிக் கதவைத் திறந்து ஏதோ பதில் கூறி அனுப்பிவிடுகிறோம். சிலர் திறப்பதே இல்லை. அந்தப் பதிவேட்டுக்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு. அதனை இவ்வாண்டு மலரில் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறோம்.

சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. ஆயினும் மக்களின் உடல்நலத்தைக் கணக்கிட்டு அறிந்து, அதற்கேற்பச் செயலாற்றும் வழக்கம் இங்கு வேரூன்ற ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பிடித்தன. கிணற்று நீரையும் குளத்து நீரையும் பருகிய மக்களைக் காலரா மீண்டும் மீண்டும் வாரிச் சென்றது. 1872இல் புழல் ஏரியின் நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் அந்நீரை மணலால் வடிகட்டும் ஏற்பாடு அமைந்தது.

இக்காலத்தில் மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையராக விளங்கியவர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவரும் அவரே. 1876 முதல் 1878 வரை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, அரசின் சிறப்புப் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் உழைக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமே போதும் என்று வகுத்தார். கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். உழைப்பவர்களின் மெலிந்த உடல்களையும் முகாம்களின் இறப்புக் கணக்கையும் சான்றாகக் காட்டி, ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என வாதிட்டார். 1877 மார்ச் மாதம் மாகாண அரசு தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக உயர்த்திப் பருப்பையும் சேர்த்தது. அதற்குள் எண்ணற்ற உயிர்கள் மாண்டிருந்தன, பின்னரும் மாண்டன. எனினும், மேலிடத்து ஆணை ஒன்றைச் சற்றேனும் அசைத்தது கணக்குதான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1939ஆம் ஆண்டு மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இத்துறையை முழுமையாகத் தழுவிய முதற்சட்டமாக இது மதிக்கப்படுகிறது. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், கொசு ஒழிப்பு, தாய் சேய் நலம் ஆகிய அனைத்தையும் உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது அது. தொற்றுநோயைக் காணும் மருத்துவர் அதிகாரிகளுக்கு அறிவித்தாக வேண்டும் என்றும் விதித்தது.

இனி, நம் ஜமாஅத்தையே நேரடியாகத் தொடும் ஒன்றைக் கூறுவோம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, அடக்கத்தலத்தின் பொறுப்பாளரும் இறப்பைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆகவே நம் கபரஸ்தானின் பதிவேடும் நகரின் சுகாதாரக் கணக்கின் ஒரு பகுதியே. எந்தத் தெருவில், எந்த வயதினர், எந்த நோயால் இறந்தனர் என்பது இவ்வழியாகவே அறியப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்த ஒரு விதவைத் தாயை நினைவுகூர்கிறோம். கணவர் வீட்டில் மௌத்தானார். அன்றே நல்லடக்கமும் நடந்தது. பதிவை மட்டும் எவரும் கவனிக்கவில்லை. ஓய்வூதியத்திற்காகச் சான்றிதழ் தேடியபோது ஓராண்டு கடந்திருந்தது. மாஜிஸ்திரேட்டின் ஆணை பெற அந்த அம்மா பலமுறை அலைந்தார். 21 நாட்களுக்குள் செய்திருந்தால் எளிதில் முடிந்திருக்கும் காரியம் அது. அக்குறையில் நமக்கும் பங்குண்டு.

கொசு பற்றிய கணக்கும் இத்தகையதே. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு, சாக்கடையில் அன்று, கிணற்றிலும் மாடியிலுள்ள தொட்டியிலும் நிற்கும் தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் நல்ல நீரையே நாடுகிறது. ஆதலால் அடையாற்றின் அடுக்குமாடியும் தியாகராய நகரின் கடைகளும் மயிலாப்பூரின் பழைய கிணறுகளும், நாம் ஒளுச் செய்யும் ஹவுளும் பார்வையிடப்பட வேண்டியவையே.

தடுப்பூசியின் கதையையும் அறிவோம். வீடு வீடாகத் தேடி நோயாளியைக் கண்டறிந்து, சுற்றியிருந்தோருக்கு அம்மை குத்தியதால்தான் 1977இல் இந்தியா பெரியம்மையற்ற நாடென அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தயங்கினர்; முகாமின் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது.

கொரோனா காலம் நமக்கு மறவாத பாடம். 2020 ஜூலையில் மாநகராட்சியும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் இணைந்து 12,405 பேரின் இரத்தத்தைச் சோதித்தன, 21.5 விழுக்காட்டினரிடம் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. அவ்வேளையில் சென்னையில் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ ஒரு இலட்சம் மட்டுமே. கணக்கில் வராமல் நோயுற்றோர் பன்மடங்கு இருந்தனர் என்பது அதனால் தெரிந்தது. நெருக்கம் மிகுந்த தண்டையார்பேட்டை மண்டலத்தில் இவ்விகிதம் 40ஐத் தாண்டியது. மாதவரத்தில் 10ஐ எட்டவில்லை. எங்கு அதிகக் கவனம் தேவை என்பதை இத்தகைய கணக்கே காட்டும்.

அவ்வாண்டின் தொடக்கத்தில் நிலவிய குடியுரிமைச் சர்ச்சைகளால் ‘கணக்கெடுப்பு’ என்ற சொல்லே நம்மவரிடம் அச்சத்தை எழுப்பியது உண்மை. அவ்வச்சத்தை நாம் இழிவாகக் கருதவில்லை. வருபவரின் அடையாள அட்டையைக் கேட்பது நம் உரிமை. ஆனால் காய்ச்சலைக் கேட்க வந்தவரிடம் காய்ச்சலை மறைப்பதால் நட்டம் நம் தெருவுக்கே. நோயாளிகள் பதிவாகாத தெருவுக்கு மருத்துவ முகாம் வேண்டுமென்று எந்தக் கணக்கைக் காட்டி நாம் கேட்க முடியும்?

எனவே நிர்வாகிகளுக்கும் ஜமாஅத்தார்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. மய்யித்து அடக்கத்துடன் இறப்புப் பதிவையும் அலுவலகமே கவனிக்கட்டும். ஹவுளும் மேல்நிலைத் தொட்டியும் வாரந்தோறும் சுத்தம் செய்யப்படட்டும். வாசலில் நிற்கும் களப்பணியாளருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, உள்ளதை உள்ளபடி உரைப்போம்.