காகிதக் கூழில் வீரமாமுனிவர்

நவராத்திரி நெருங்கினால் திருவண்ணாமலைக் கடைவீதிகளில் கொலுப் பொம்மைகள் வந்து இறங்கிவிடும். தெய்வ உருவங்களின் நடுவே வள்ளுவரும் பாரதியும் நிற்பதைக் காண்கிறோம். ஊறவைத்த காகிதத்தை அரைத்து, சுண்ணப்பொடியும் பசையும் சேர்த்துப் பிசைந்து, முன்பாதி பின்பாதி என இரு அச்சுகளில் அழுத்தி எடுத்து, ஒட்டி உலர்த்தி வண்ணம் தீட்டுவது பண்ருட்டிப் பக்கத்துக் கைவினைஞரின் தொழில். சாண் அளவு உருவத்தில் முகம் அதிகம் பேசாது. புலவரைக் காட்டிக்கொடுப்பது உடையே. பாரதிக்குத் தலைப்பாகையும் கோட்டும் போதும். அவருக்கு நிழற்படச் சான்று உண்டு. வள்ளுவருக்கு அதுவும் இல்லை. ஓவியர் வேணுகோபால் சர்மா கற்பனையில் கண்ட உருவமே இன்று எங்கும் வள்ளுவராக வழங்குகிறது.

நம் வீரமாமுனிவரைக் கொலுப்படியில் நாம் கண்டதில்லை. நம் பங்கின் இளையோர் அவரைக் காகிதக் கூழில் செய்ய முனைந்தபோது எழுந்த முதல் கேள்வி, எந்த உடை என்பதே.

எளிய கேள்வியன்று அது. இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி அடிகளார் தமிழகம் வந்தபின் காவி அங்கி அணிந்தார். காதில் முத்துக் கடுக்கன், பட்டுக்குடை, புலித்தோல் விரித்த பல்லக்கு என அவரது கோலத்தை விரித்துரைப்பவர், 1822இல் அவர் வரலாற்றை எழுதிய முத்துசாமிப் பிள்ளை. முனிவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது அந்நூல். அதிலுள்ள செய்திகள் சிலவற்றை, குறிப்பாகச் சந்தா சாகிபிடம் அவர் திவானாக இருந்தார் என்பதை, பின்வந்த ஆய்வாளர் ஏற்கத் தயங்குகின்றனர். கடுக்கன் இருந்ததோ இல்லையோ, காவி வெறும் அலங்காரமன்று என்பதே நம் துணிபு. அவருக்கு முன் தத்துவ போதகர் தெ நோபிலி மதுரையில் சந்நியாசி உடை பூண்டபோது, வழக்கு உரோமை வரை சென்றது. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைப் புதுக்கிறித்தவர் சில நிபந்தனைகளுடன் கொள்ளலாம் எனத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623இல் இசைவளித்தார். ஒரு முழத் துணிக்காகத் திருஅவை அன்று அத்தனை வாதாடியது!

முனிவரோ தம்மோடு நின்றுவிடவில்லை. கோணாங்குப்பத்துப் பெரியநாயகி அன்னையின் உருவத்தை, தமிழ்ப்பெண்ணின் சேலைக் கோலத்தில் மணிலாவில் செய்வித்துத் தருவித்தார் என்பது அவ்வூர் மரபு. தேம்பாவணியில் சூசையப்பருக்கும் அவர் உடுத்தியது தமிழ்க் காப்பிய ஆடையைத்தான். பாலஸ்தீன நாடு அங்கே சோலையும் வயலுமாய்ச் செழிக்கிறது. சொல்லால் உடுத்துவதற்கும் துணியால் உடுத்துவதற்கும் அவர் வேற்றுமை கண்டதாகத் தெரியவில்லை.

ஆகவே பொம்மைக்குக் கறுப்பு அங்கி வேண்டாம், காவியே இருக்கட்டும் என்றோம். கடுக்கனை விட்டுவிடச் சொன்னோம். இளையோருக்கு அதில் சற்று மனக்குறைதான். கையில் அச்சுப் புத்தகம் ஒன்றை வைக்க அவர்கள் விரும்பினர். தேம்பாவணி 1726இல் முடிந்தது. அச்சேறியதோ முனிவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே. எனவே, புத்தகத்தை நீக்கி ஓலைக்கட்டும் எழுத்தாணியும் வைத்தார்கள். எழுத்தாணி ஒரு தென்னை ஈர்க்கு.