தெல்தெனியவில் ஒரு தோட்டச் சங்கம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில் குண்டசாலையையும் திகனவையும் தாண்டினால் தெல்தெனிய வரும். இன்று நாம் காணும் நகரம் பழைய நகரம் அன்று. பழைய தெல்தெனிய விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கட்டடங்களின் சிதைவுகள் வெளியே தெரியும். பார்ப்பதற்குச் சனம் திரளும். பத்திரிகைகளில் படம் வரும். அத்தகைய படங்களுக்கு நானும் விளக்கக் குறிப்பு எழுதியிருக்கிறேன். கட்டடங்களைப் பற்றி எழுதினேனே தவிர, அவற்றைச் சூழ்ந்திருந்த தோட்டங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை.

அந்தக் குறை அண்மையில்தான் உறைத்தது. அப்பகுதியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர், அயலவர் சிலரைச் சேர்த்து வீட்டுத்தோட்டச் சங்கம் ஒன்றைத் தொடங்க எண்ணியிருப்பதாகவும், இதற்கு முன்மாதிரிகள் உண்டா என்றும் கேட்டார். உண்டு. அவற்றில் பின்பற்றத்தக்கவையும் உண்டு, தவிர்க்கத்தக்கவையும் உண்டு.

கண்டி நாட்டில் தோட்டக்கலை வெள்ளைக்காரன் கொண்டுவந்த பொருள் அன்று. 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இங்குள்ள கமுகையும் பலாவையும் பற்றி விரிவாக எழுதினார். பேராதனையை அரச தோட்டமாக்கியவர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். மதுரை நாயக்கர் உறவில் வந்து 1747 முதல் கண்டியை ஆண்டவர். அந்த வமிசத்தின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டது தெல்தெனியவுக்கு அப்பால் உள்ள மெதமகாநுவரப் பகுதியில்தான். வேலூர்ச் சிறையில் 1832இல் அவன் மாண்டான்.

1821இல் அலெக்சாந்தர் மூன் பேராதனையில் தாவரவியற் பூங்காவை நிறுவினார். மூன்றே ஆண்டுகளில் இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றைச் சிங்களப் பெயர்களோடு வெளியிட்டார். ஆனால் பூங்காவின் பெருங்கவனம் விரைவில் ஏற்றுமதிப் பயிர்களின்பால் திரும்பியது. காடழித்து மலையெங்கும் கோப்பி நட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. பேராதனைப் பணிப்பாளர் துவெய்ற்ஸ் அதன் ஆபத்தைத் தொடக்கத்திலேயே உணர்ந்து எச்சரித்தார். எனினும் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித்தொழில் சரிந்தது. ஒற்றைப் பயிரை நம்பியதன் விலை அது.

இதற்கு நேர்மாறானது கண்டிக் கிராமத்து வீட்டுத்தோட்டம். சிங்களத்தில் இதனைக் ‘கெவத்த’ என்பர். உச்சியில் தென்னையும் கமுகும். அடுத்து பலா, ஈரப்பலா, மா. அதன் கீழே சாதிக்காய், கராம்பு, கோப்பி. மரங்களைப் பற்றிப் படரும் மிளகு. தரையில் வாழை, இஞ்சி, மஞ்சள், கிழங்கு வகைகள். ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும். ஒரு துண்டுக் காணியில் காட்டின் அடுக்குகளை அமைத்துக்கொண்ட இந்த முறையை இன்று உலகெங்கும் வேளாண்காடு பற்றிய ஆய்வுகளில் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார்கள்.

சங்கம் என்ற அமைப்பு வந்தது பின்னர். கல்கத்தாவில் 1820இல் வில்லியம் கேரி வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். சென்னையில் 1835இல் அத்தகைய சங்கம் உருவானது. இலங்கையில் 1904இல் ஆளுநர் ஹென்றி பிளேக்கின் முயற்சியில் இலங்கை விவசாயச் சங்கம் அமைந்து, பல பகுதிகளிலும் கிளைகள் கண்டது. விதை விநியோகம், கண்காட்சி, பள்ளித் தோட்டம் என நல்ல பணிகள் நடந்தன. ஆயினும் கட்டளை மேலிருந்து வந்தது. தலைமையில் அதிகாரிகளும் பிரமுகர்களும் இருந்தனர். 1912இல் விவசாயத் திணைக்களம் தோன்றியதும் பணிகளின் பாரம் அரசின் தோளுக்கு மாறியது.

கீழிருந்து எழுந்த முயற்சிக்குச் சான்று ஆதர் வி. டயஸ். 1915 கலவரக் காலத்தில் சிறைவைக்கப்பட்ட இவர், பின்னர் நாடெங்கும் பலாக்கன்று நடும் இயக்கத்தை முன்னெடுத்தார். ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா, என்றே மக்கள் அவரை அழைத்தனர். இரண்டாம் உலகப் போரில் அரிசி அரிதானபோது பலாவே பல வீடுகளின் சோறாயிற்று.

இனி தெல்தெனியவுக்கு வருவோம். 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்டு, 1985 ஏப்ரலில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன, பிரதமர் மார்கரெற் தட்சர் ஆகியோர் முன்னிலையில் திறக்கப்பட்டது. 210 மெகாவாற் மின்வலு கிடைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஒரு பகுதியினர் மகாவலி ‘சி’ வலயத்துக்குச் சென்றனர். அங்கே ஒரு குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் குடியிருப்புக் காணியும் என்பது கணக்கு. ஆனால் அது உலர் வலயம். சாதிக்காயும் கராம்பும் அங்கே வேர்பிடிக்கா. காணிக்குக் காணி கொடுக்கலாம். பாட்டன் நட்ட தோட்டத்தை எவ்வாறு கொடுப்பது?

இன்னொரு சாரார் குறித்தும் சொல்லியாக வேண்டும். நக்கிள்ஸ் மலைச்சாரலில் றங்கலை முதலான தோட்டங்களில் வாழும் நம் மலையக மக்கள். மலை முழுவதையும் பசுமையாக்கிய இவர்களுக்கு லயத்து வாசலில் நான்கு கத்தரிச் செடி நடவும் துரையின் தயவு வேண்டியிருந்தது. 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்ததற்கு, சொந்தமாகப் பயிரிட மண் இல்லாமையும் ஒரு காரணம். அண்மைக் காலத்தில் தனி வீட்டோடு ஏழு பேர்ச்சஸ் காணி என்ற திட்டம் வந்தது. பயன் பெற்றவர்கள் இன்னமும் சிறுபகுதியினரே.

2022 நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்றே அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்தது அரசாங்கம். விடுமுறையை அரசு தரலாம். விதையும் அனுபவமும் அயலவரிடமிருந்துதான் வரவேண்டும்.

ஆகவே நண்பருக்கு நான் எழுதியது இது. தலைவர், செயலாளர் தெரிவோடு தொடங்க வேண்டாம். விதை மாற்றிக்கொள்ளும் ஒரு மாலைப்பொழுதோடு தொடங்குங்கள். பழைய ஊரில் எவர் வீட்டில் என்ன மரம் நின்றது என்பதை முதியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்தப் பட்டியலும் போய்விடும். முற்றம் மட்டுமே உள்ளவர்களையும், லயத்துக் குடும்பங்களையும் முதல் நாளே அழையுங்கள். சாக்கிலும் பழைய வாளியிலும் மிளகாய் நன்றாகவே காய்க்கும்.

மூன்று இனத்தாரும் இருக்கவேண்டும் என்பதை நான் அழுத்திச் சொன்னேன். 2018 மார்ச்சில் தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சாரதியின் மரணத்தைத் தொடர்ந்து, அங்கும் திகனவிலும் சுற்றூர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டதையும், அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. ஒரு தோட்டச் சங்கம் அத்தகைய தீயைத் தடுத்துவிடும் என்று சொல்ல நான் துணியேன். ஆனால் தான் கொடுத்த கன்று எந்த முற்றத்தில் நிற்கிறது என்று அறிந்தவன், அந்த வேலியைத் தாண்டிக் கல்லெறியுமுன் ஒரு கணமாவது தயங்குவான்.

விதையிலிருந்து முளைத்த பலா காய்க்க ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். நண்பருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முதற்கூட்டத்துக்கு அவர் பலாக் கொட்டைகளைத்தான் கொண்டுபோகப் போகிறாராம்.